டக்டக் நிற்கவில்லை என்றால் பம்ப்பைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: ஐயா, எங்களிடம் அப்பாவின் மொறிஸ் மைனர் 1000 ஒன்று இருக்கிறது. 1098 சீசீ எஞ்சின். அப்பா காலமான பிறகு ஒன்றரை வருடமாகக் கொட்டிலுக்குள் நின்றது. இப்போது புதுப் பற்றரி போட்டிருக்கிறேன், ஸ்ராட்டர் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. கார்பரேற்றர் வாய்க்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டால் நாலைந்து செக்கன் ஓடிவிட்டு நின்றுவிடுகிறது. சாவியைத் திருப்பியவுடன் பெற்றோல் பம்ப் டக்டக் என்று வேகமாக அடிக்கிறது, நிற்பதே இல்லை. மீற்றர் அரைத் தாங்கி காட்டுகிறது. கராஜ்காரர் கார்பரேற்றரை மாற்றச் சொல்கிறார். மைத்துனர் பழைய பம்ப்பைக் கழற்றி எறிந்துவிட்டு இலத்திரனியல் பம்ப் போடச் சொல்கிறார். இன்னொரு விடயம்: பின்னாலிருந்து வரும் பெற்றோல் குழாயில், மண்ணெண்ணெய்க் காலத்தில் அப்பா போட்ட பித்தளை ரப் (திறந்து மூடும் திருகு) ஒன்று இன்னும் இருக்கிறது. அதைக் கழற்ற மனம் வரவில்லை. நான் எதை மாற்ற வேண்டும்?
- ஆசிரியர் ஒருவர், சாவகச்சேரி

பதில்: தம்பி, இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். விடையில் முக்கால்வாசியை நீங்களே கடிதத்தில் எழுதிவிட்டீர்கள்.

வாய்க்குள் பெற்றோல் விட்டால் எஞ்சின் ஓடுகிறது என்கிறீர்கள். ஆகவே பிளக்கில் பொறி வருகிறது, அதுவும் சரியான நேரத்தில் வருகிறது, சிலின்டரில் அமுக்கம் இருக்கிறது, வால்வுகள் வேலை செய்கின்றன. கொயில், பொயின்ற், பிளக் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கும் வேலை உங்களுக்கு இல்லை. அந்த எஞ்சினுக்குப் பசி, அவ்வளவுதான். சாப்பாடு தாங்கியிலிருந்து கார்பரேற்றர் வரை வரும் வழியில் எங்கேயோ நின்றுவிட்டது. எங்கே என்பதற்கு உங்கள் பம்ப் சத்தம் போட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அந்தச் சத்தத்தைப் புரிந்துகொள்ள, எஸ்.யூ. கம்பனி செய்த உங்கள் பம்ப்பின் உள்ளே நடப்பது தெரிய வேண்டும். பொனற்றைத் திறந்தால் எஞ்சின் அறையின் பின் சுவரில், ஒரு முனையில் கறுப்பு மூடி போட்ட சிறிய உருளையாக அது இருக்கும். உள்ளே ஒரு மின்காந்தச் சுருள், டயபிரம் என்ற வளையும் சவ்வு, ஒரு ஸ்பிரிங், மின்னைச் சேர்த்துப் பிரிக்கும் ஒரு சோடி பொயின்ற். மின் வந்தவுடன் காந்தம் டயபிரத்தை இழுக்கிறது. அந்த இழுப்பில்தான் தாங்கியிலிருந்து பெற்றோல் உறிஞ்சப்படுகிறது. இழுப்பு முடியும் இடத்தில் பொயின்ற் டக்கென்று விலகி மின் நிற்கிறது. இப்போது ஸ்பிரிங் டயபிரத்தைத் திரும்பத் தள்ள, உள்ளே வந்த பெற்றோல் கார்பரேற்றர் பக்கம் போகிறது. தள்ளி முடித்ததும் பொயின்ற் மறுபடி சேரும், மறுபடி இழுப்பு. கார்பரேற்றரை நிரப்புவது ஸ்பிரிங்தான், மின் உறிஞ்சுவதற்கு மட்டும் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

கார்பரேற்றரின் மிதவை அறை நிரம்பியதும் மிதவை மேலெழுந்து ஊசியால் வழியை அடைக்கிறது. பெற்றோலுக்குப் போக இடமில்லாததால் ஸ்பிரிங்கால் தள்ள முடியாது. தள்ள முடியாவிட்டால் பொயின்ற் சேராது, பம்ப் பேசாமல் இருக்கும். அதனால்தான் நல்ல நிலையிலுள்ள மைனரில் சாவியைத் திருப்பினால் சில தடவை டக்டக் கேட்டு, மெதுவாகி, அடங்கிவிடும். அந்த அடங்கலைக் கேட்ட பிறகு ஸ்ராட்டரை இழுப்பது அந்தக் காலத்து ஓட்டுநர்களின் வழக்கம். உங்கள் அப்பாவும் அப்படித்தான் செய்திருப்பார்.

சரி, உங்கள் பம்ப் அடங்கவில்லை. வேகமாக, நிற்காமல் அடிக்கிறது. மின் வருகிறது, காந்தம் இழுக்கிறது, பொயின்ற் விலகிச் சேர்கிறது, ஸ்பிரிங் தள்ளுகிறது. ஆனால் தள்ளும்போது எதிர்ப்பு எதுவும் இல்லை. பெரும்பாலும் அது காற்றைத்தான் உறிஞ்சிக் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

இப்போது கராஜ்காரர் சொன்னதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கார்பரேற்றரின் ஊசி பிசினில் ஒட்டி வழியை அடைத்திருந்தால், நிரம்பிய அறைக்கு முன்னால் இருப்பதுபோல பம்ப் மௌனமாக இருந்திருக்கும். அது அடித்துக்கொண்டே இருப்பதால் அடைப்பு அங்கே இல்லை. எதிர்ப்பக்கமாக ஊசி மூடாமலே நின்றிருந்தால் அறை நிரம்பி வழிந்து, வழிகுழாயால் பெற்றோல் சொட்டி, கொட்டில் முழுவதும் மணந்திருக்கும். அப்படி ஏதும் நீங்கள் எழுதவில்லை. கார்பரேற்றரை மாற்றச் சொன்னவர் பொனற்றைத் திறந்து காது கொடுத்துக் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வேலையைத் தொடங்க முன் சில எச்சரிக்கைகள். வாத்தியாருக்கு நான் பாடம் எடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள், பழைய கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும். வண்டியைக் கொட்டிலுக்குள் வைத்து இதைச் செய்ய வேண்டாம். வெளியே தள்ளி, காற்றோட்டமான இடத்தில் மரநிழலில் நிறுத்துங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, நிலத்தோடு படர்ந்து தூரத்தில் எரியும் அடுப்பைக்கூடத் தேடிப் போகும். பற்றவைக்கும் எதுவும் கிட்ட இருக்கக்கூடாது. ஒரு வாளி மணலும், முடிந்தால் தீயணைக்கும் சிலின்டரும் பக்கத்தில் இருக்கட்டும். கார்பரேற்றர் வாய்க்குள் பெற்றோல் ஊற்றி ஸ்ராட்டர் அடிக்கும் வேலையை இத்தோடு நிறுத்துங்கள். ஒரு தடவை பின்னடித்தால் முகத்துக்குத்தான் நெருப்பு வரும். அதிலிருந்து தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. கடைசியாக, பம்ப்பைச் சோதிக்கும்போது சாவி நீண்ட நேரம் திறந்திருக்கும், அந்நேரம் டிஸ்ரிபியூட்டர் பொயின்ற் மூடிய நிலையில் இருந்தால் கொயில் சூடாகிக் கெட்டுப்போகும். கொயிலுக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றி, முனையில் ரேப் சுற்றி ஒதுக்கி வையுங்கள்.

முதலில் மீற்றரை நம்பாதீர்கள். அந்த வயதுக் காரில் அரைத் தாங்கி என்பது மீற்றரின் அபிப்பிராயம் மட்டுமே. முள் இறுகி நிற்கலாம், தாங்கிக்குள் இருக்கும் மிதவைக் கை கறள் பிடித்துச் சிக்கியிருக்கலாம். ஒன்றரை வருடத்தில் பெற்றோலில் கணிசமான பகுதி ஆவியாகிப் போயிருக்கவும் கூடும். காரின் பின்பக்கத்தை ஆட்டிப் பாருங்கள், அரைத் தாங்கி என்றால் தளும்பும் சத்தம் கேட்கும். மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். நல்ல பெற்றோல் மூக்கைச் சுள்ளென்று குத்தும். பழுதானது பழைய பெயின்ற் டின்னைத் திறந்ததுபோலப் புளித்து மணக்கும். சந்தேகம் என்றால் ஐந்து லீற்றர் புதுப் பெற்றோல் விட்டுவிட்டு சாவியைத் திருப்பி ஒரு நிமிடம் கேளுங்கள். சத்தம் மெதுவாகி நின்றால் காரில் பெற்றோல் இல்லை என்பதுதான் முழு நோயும். சிரிக்காதீர்கள், இந்த ஒரே காரணத்துக்காகக் கயிறு கட்டி இழுத்துவரப்பட்ட கார்கள் எங்கள் கராஜுக்கும் வந்திருக்கின்றன.

அப்படியும் டக்டக் நிற்கவில்லை என்றால் போத்தல் சோதனை. பம்ப் குற்றவாளியா இல்லையா என்பதை இதுதான் தீர்க்கும். ஒரு லீற்றர் கொள்ளும், பெற்றோல் தாங்கக்கூடிய போத்தல் ஒன்றை எடுத்துப் பாதிக்குக் கூடுதலாகச் சுத்தமான பெற்றோல் நிரப்புங்கள். பம்ப்புக்குள் வரும் குழாயை, அதாவது பின்னாலிருந்து தாங்கிப் பெற்றோலைக் கொண்டுவரும் குழாயை, பம்ப் பக்கத்தில் கழற்றுங்கள். அந்த வாய்க்குப் பொருந்தும் முனை போட்டுப் புதிய பெற்றோல் ஹோஸ் ஒரு துண்டை இறுக்கமாக மாட்டி, மற்ற முனையைப் போத்தலின் அடிவரை விடுங்கள். போத்தலை யாராவது பம்ப்பின் உயரத்துக்குக் கிட்டப் பிடிக்கட்டும், பற்றரியிலிருந்து தள்ளியே. இனிச் சாவியைத் திருப்புங்கள்.

இரண்டில் ஒன்று நடக்கும். சில தடவை வேகமாக அடித்து, ஹோஸில் பெற்றோல் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்து, அடி கனத்து, டக்... டக்... என்று இடைவெளி விட்டு அடங்கலாம். அப்படியானால் பம்ப்புக்கு ஒரு குறையும் இல்லை. கொயில் வயரை மாட்டி, சோக்கை இழுத்து, ஸ்ராட் செய்யுங்கள். போத்தலில் இருப்பது தீரும்வரை எஞ்சின் ஓடும். நோய் பம்ப்புக்குப் பின்னால், குழாயிலோ தாங்கியிலோ இருக்கிறது. என் கணிப்பு இதுதான் நடக்கும் என்பது.

மற்றது, போத்தலில் பெற்றோல் குறையாமல் பம்ப் முன்போலவே ஓலமிடுவது. அப்போதுகூட முழுப் பம்ப்பையும் எறியத் தேவையில்லை. உடலின் அடிப்பக்கத்தில் ஆறுமூலைத் தலையுள்ள பித்தளை அடைப்பு ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் மெல்லிய கம்பிவலை வடி வெளியே வரும். கழற்றும்போது உள்ளே இருக்கும் பெற்றோல் கொட்டும், கீழே பாத்திரம் வையுங்கள். கறள் துகளும் தேன்நிற பிசினும் ஒட்டியிருந்தால் பெற்றோலில் ஊறவைத்து மென்மையான பிறஷால் கழுவுங்கள். அதோடு உள்ளே மெல்லிய தட்டு வால்வுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு அடியில் ஒரு மணல் அளவு துகள் சிக்கினாலே போதும், இழுத்த பெற்றோல் வந்த வழியே திரும்பிப் போகும், வெளியே பார்த்தால் பம்ப் சுறுசுறுப்பாக வேலை செய்வதாகவே தெரியும். வால்வுகளும் சுத்தமாகி, அப்போதும் இழுக்கவில்லை என்றால்தான் டயபிரம் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கும் கட்டம். டயபிரம், வால்வு, பொயின்ற் எல்லாம் சேர்ந்த திருத்தும் செற் எஸ்.யூ. பம்ப்புகளுக்கு இன்றும் கிடைக்கிறது.

பம்ப் தேறிவிட்டது என்று வைத்துக்கொண்டு பின்னால் போவோம். அந்தப் பித்தளை ரப்பைப் பற்றி நீங்கள் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 1990இல் வடக்குக்கு எரிபொருள் தடை வந்த பிறகு யாழ்ப்பாணத்தில் பெற்றோல் என்பது மருந்துபோலத் துளிக்கணக்கில் பாவித்த பொருள். கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதால் சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அப்படி மாற்றுவதற்குத்தான் அந்த ரப். ஒரு பக்கம் தாங்கி, மற்றப் பக்கம் சின்னப் பெற்றோல் போத்தலோ டின்னோ, நடுவில் பம்ப்புக்குப் போகும் வழி. அவரவர் கையிலிருந்த பித்தளையில் கடைந்து, கிடைத்த ரப்பர்க் குழாயை மாட்டி, கம்பியால் முறுக்கிக் கட்டினார்கள். அந்தக் கெட்டித்தனத்தால்தான் இந்தக் கார்கள் இன்றும் வீதியில் நிற்கின்றன, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்த ரப்பர் இன்றைக்கும் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ரப்பின் நடுத்தண்டைச் சுற்றி இறுக்கத்துக்காகச் சுற்றிய நூலோ தக்கையோ ஈரமாக இருக்கும்வரை காற்றை அடைக்கும். ஒன்றரை வருடம் காய்ந்து நின்றால் சுருங்கிவிடும்.

இங்கே ஆட்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ரப்பைச் சுற்றித் தொட்டுப் பார்ப்பீர்கள், ஈரம் இருக்காது, ஒழுக்கு இல்லை, அதனால் நல்லது என்று முடிவெடுப்பீர்கள். பம்ப்புக்கும் கார்பரேற்றருக்கும் இடையே ஓட்டை இருந்தால் பெற்றோல் வெளியே ஒழுகும், கண்ணுக்குத் தெரியும். பம்ப்புக்குப் பின்னால் இருக்கும் குழாயில் அப்படியில்லை. தாங்கி கீழே, பம்ப் மேலே. அந்தக் குழாய்க்குள் நடப்பது உறிஞ்சல். ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர, பெற்றோல் ஒரு சொட்டும் வெளியே வராது. பெற்றோலை மேலே இழுப்பதைவிடக் காற்றை உள்ளே இழுப்பது பம்ப்புக்கு லேசு. அதைத்தான் அது செய்யும், வேகமாக அடித்தபடி.

ஆகவே ரப்பைச் சந்தேகிப்பதைவிட அதைச் சுற்றுவழியில் தாண்டிவிடுங்கள். ரப்புக்கு முன்னும் பின்னும் குழாயைக் கழற்றி, இரண்டு முனையையும் ஒரே ஒரு புதிய பெற்றோல் ஹோஸ் துண்டால் நேராக இணைத்து, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்குங்கள். தண்ணீருக்குப் பாவிக்கும், கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்ரிக் ரியூப் வேண்டாம், பெற்றோல் அதை விறைக்கவைத்துச் சுருக்கிவிடும். இணைத்த பிறகு பம்ப் அடங்கினால் விடயம் முடிந்தது. ரப்பை நன்றாகக் கழுவி வீட்டில் அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். காரில் திரும்ப மாட்டாதீர்கள்.

அடங்கவில்லை என்றால் காற்று வேறெங்கோ போகிறதா, அல்லது வழி அடைபட்டிருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பம்ப்பிலிருந்து கார்பரேற்றருக்குப் போகும் குழாயை கார்பரேற்றர் பக்கத்தில் கழற்றி, ஒரு ஹோஸ் மாட்டி, அதன் முனையைக் கொஞ்சம் பெற்றோல் உள்ள கண்ணாடிப் போத்தலில் அமிழ்த்திப் பிடியுங்கள். சாவியைத் திருப்புங்கள். முதலில் குமிழி வரத்தான் செய்யும், குழாயில் இருந்த காற்று அது. கொஞ்ச நேரத்தில் குமிழி நின்று பெற்றோல் மட்டும் வர வேண்டும். நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை லீற்றர் வந்தால் எல்லாம் ஆரோக்கியம். பெற்றோலோடு குமிழியும் விடாமல் வந்துகொண்டிருந்தால் உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று நுழைகிறது. தாங்கியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு இணைப்பையும் இறுக்கி, ரப்பர் துண்டுகளை எல்லாம் புதிதாக்குங்கள். காரின் அடியில் ஓடும் உலோகக் குழாயையும் பாருங்கள். கிளிப்புக்கு அடியில் ஈரம் தேங்கிக் கறள் தின்ற இடம் வெளியே பச்சையாகவோ செம்பழுப்பாகவோ பூத்திருக்கும்.

குமிழியும் குறைவு, பெற்றோலும் குறைவு, அடியும் மந்தமாகக் கனத்துக் கேட்கிறது என்றால் அடைப்பு. உங்கள் கடிதத்திலுள்ள சத்தத்துக்கு இது பொருந்தவில்லை, ஆனாலும் ஒரு ஓட்டையை அடைத்த பிறகு பின்னால் ஒளிந்திருந்த அடைப்பு வெளியே தெரிவதுண்டு. தாங்கி மூடியைத் திறந்து வையுங்கள். பம்ப் பக்கம் குழாயைக் கழற்றி, ரயருக்குக் காற்றடிக்கும் கைப்பம்ப்பால் பின்னோக்கி மெதுவாக ஊதுங்கள். பெற்றோல் பம்ப்பை இடையில் வைத்து ஒருபோதும் ஊதக்கூடாது, வால்வும் டயபிரமும் போய்விடும். பின்னால் ஒருவர் காது வைத்திருந்தால் தாங்கிக்குள் குபுகுபு என்று கேட்கும். சத்தமே இல்லை என்றால் அடைப்பு இறுகிவிட்டது. ஒரே ஊதலில் சரிவந்து, பிறகு சில மைல் ஓடியதும் மறுபடி நின்றால், தாங்கிக்குள் இருக்கும் குப்பை உறிஞ்சும் வாயில் திரும்பத் திரும்ப வந்து ஒட்டுகிறது.

தாங்கி மூடியையும் கவனியுங்கள். பெற்றோல் வெளியே போகப் போக உள்ளே காற்று வர மூடியில் ஒரு சிறிய துளை இருக்க வேண்டும். வேறு வாகனத்தின் மூடியை மாட்டியிருந்தாலோ, அந்தத் துளையில் குளவி மண் வைத்து அடைத்திருந்தாலோ, கார் நன்றாக ஸ்ராட் ஆகி, கொஞ்சத் தூரம் ஓடி நிற்கும். மூடியைத் திறந்ததும் உஸ் என்று காற்று உள்ளே போகும், பிறகு மறுபடி ஓடும்.

ஒன்றரை வருடம் நின்ற காரில், அதுவும் ஒரு மாரி முழுக்க ஈரத்தில் நின்றிருந்தால், தாங்கியை ஒரு தடவை கழுவுவது நல்லது என்பேன். அடியில் இருக்கும் வடிகால் ஸ்குறூவைத் திறந்து பழையதை வடித்து, கண்ணாடிப் போத்தலில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். அடியில் தெளிவான தனிப் படையாக நிற்பது தண்ணீர், செம்மண்போலப் படிவது கறள். மண்ணெண்ணெய் ஓடிய தாங்கிகளில் இதற்கு மேலே தார்போன்ற பிசின் ஒன்றும் இருக்கும். புதுப் பெற்றோல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து முன்னால் கொண்டுவந்து கொட்டும். தாங்கியில் ஓட்டை இருந்தால் அதை ஒட்டவென்று வெல்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். வெறும் தாங்கிதானே என்று நினைப்பதுதான் ஆபத்து, நிரம்பிய தாங்கியைவிட ஆவி நிறைந்த வெறும் தாங்கிதான் வெடிக்கும். அந்த வேலை தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

பெற்றோல் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகு, கார்பரேற்றரின் மிதவை அறை மூடியை ஒரு தடவை திறந்து பாருங்கள். மூன்று ஸ்குறூதான். அடியில் படிந்ததைத் துடைத்தெடுங்கள், ஊசி அதன் இருப்பிடத்தில் தடையில்லாமல் ஏறி இறங்குகிறதா என்று விரலால் தூக்கிப் பாருங்கள், மிதவையைக் காதருகே குலுக்கி உள்ளே பெற்றோல் புகுந்திருக்கிறதா என்று கேளுங்கள். மூடியைத் திரும்பப் பூட்டும்போது புதுக் கடதாசி வளையம் போடுங்கள். கார்பரேற்றருக்கு உங்கள் காரில் இவ்வளவு வேலைதான் இருக்கும் என்பது என் எண்ணம்.

மைத்துனரின் இலத்திரனியல் பம்ப் பற்றி. நான் அதற்கு எதிரி இல்லை. பொயின்ற் கருகும் தொல்லை அதில் இல்லை. ஆனால் காற்று உறிஞ்சும் குழாயில் புதுப் பம்ப்பை மாட்டினால் அதுவும் காற்றைத்தான் உறிஞ்சும், காசு போனதுதான் மிச்சம். அதோடு இரண்டு விடயம் பார்க்க வேண்டும். உங்கள் எஸ்.யூ. பம்ப் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. அழுத்தத்தில்தான் தள்ளுகிறது, மிதவை ஊசி அதற்கென்றே அமைந்தது. எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று கடையில் விற்கும் பம்ப்புகளில் பல அதைவிட இரண்டு மூன்று மடங்கு தள்ளும். ஊசியால் தாங்க முடியாமல் பெற்றோல் வழியும், அதுவும் சூடான புகைக்குழாய்க்குக் கிட்ட. இன்ஜெக்ஷன் காரின் பம்ப் என்றால் பேச்சே இல்லை, பக்கத்திலேயே வைக்காதீர்கள். மற்றது எர்த். மைனர் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பற்றரியின் பொசிற்றிவ் பக்கம்தான் உடலோடு சேர்ந்திருந்தது. பலர் பின்னாளில் மாற்றிவிட்டார்கள், சிலர் மாற்றவில்லை. பற்றரியின் எந்த முனை உடலில் பூட்டியிருக்கிறது என்று பார்க்காமல் இலத்திரனியல் பம்ப் வாங்கினால் முதல் செக்கனிலேயே அது எரிந்துபோகக்கூடும். பழைய பொயின்ற் பம்ப்புக்கு அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

இதை வாசிக்கும் வேறு மைனர்காரர்களின் பம்ப் அடிக்கவே இல்லை என்றால் வழி வேறு. அதற்குப் போகும் வெள்ளை வயரில் மின் வருகிறதா, எர்த் வயர் கறள் பிடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் சரியென்றால் ஸ்பனரின் பிடியால் உடலில் மெதுவாக ஒரு தட்டு. தட்டியதும் விழித்தால் பொயின்ற் அழுக்கு. சாவியை மூடிவிட்டு, மூடியைக் கழற்றி, தடித்த சுத்தமான கடதாசித் துண்டைப் பொயின்றுக்கு நடுவில் விட்டு இழுங்கள். மூடி திறந்திருக்கும்போது மின்னைக் கொடுத்துப் பார்க்க வேண்டாம், அங்கே பொறி பறக்கும். தட்டியும் விழிக்காவிட்டால் கார்பரேற்றர் பக்கக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உடனே அடித்தால் குற்றம் ஊசியில்.

தம்பி, நீங்கள் முதலில் செய்ய வேண்டியது அந்த ஐந்து லீற்றர், பிறகு போத்தல், பிறகு ரப்பைத் தாண்டும் ஹோஸ். ஒரு சனிக்கிழமை காலைக்குள் மூன்றையும் முடித்துவிடலாம், ஹோஸும் கிளிப்பும் தவிர வாங்க ஒன்றும் இல்லை. போத்தலில் ஓடி, ஹோஸ் போட்டும் ஓடவில்லை என்றால், கார்பரேற்றர் பக்கம் எடுத்த குமிழிச் சோதனையில் என்ன கண்டீர்கள் என்பதையும், பற்றரியின் எந்த முனை எர்த் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.